இடது பின்கதவில் ஒரு கீறல்

சர்வேயர் தம் ஐம்பத்தேழு வயதில் முழுசாக நம்பியது இரண்டே பேரைத்தான். முதல் ஆள் அவரே. இரண்டாவது, அவருடைய பன்னிரண்டு வருடப் பழைய வெள்ளி நிறக் கார். மனைவிக்கு மூன்றாவது இடம் இருந்தது. ஆனால் சில மாதங்களாக அந்த இடமும் கொஞ்சம் ஆட்டம் கண்டிருந்தது.

சர்வேயர் என்றதும் நிலம் அளக்கிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். இவர் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக அடிபட்ட கார்களைப் பார்த்து அறிக்கை எழுதுகிறவர். தோளில் ஒரு பை, அதற்குள் டேப், சாக்பீஸ், டார்ச், ஒரு பூதக்கண்ணாடி. முப்பது வருடமாக மனிதர்கள் சொல்லும் கதையையும் கார் சொல்லும் கதையையும் கேட்டு, காரை மட்டும் நம்பிப் பழகியவர். "நிறுத்திட்டுத்தான் சார் போனேன், வந்து பாத்தா இப்படி இருக்கு" என்பார்கள். வார்த்தை மாறாமல் எல்லாரும் இதையேதான் சொல்வார்கள். அவர் குனிந்து கீறலைத் தடவுவார். உரிந்த பெயின்ட் எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது என்று பார்ப்பார். பிறகு நிமிர்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்பார். "அந்த நேரத்துல நீங்க எங்க பாத்துக்கிட்டு இருந்தீங்க?" அதற்கு மேல் யாரும் கதை விட்டதில்லை.

கார்களைப் பற்றியும் ஓட்டுகிறவர்களைப் பற்றியும் அவரிடம் இல்லாத அபிப்பிராயம் கிடையாது. கேட்காதவர்களுக்கும் சொல்வார். ஆட்டோமேட்டிக் கியர் கார் ஓட்டுவதற்கும் லிஃப்டில் போவதற்கும் வித்தியாசமில்லை. ரிவர்ஸ் கேமரா கழுத்தைத் திருப்பச் சோம்பல்படுகிறவர்களுக்காகச் செய்தது. சீட்டை முன்னால் இழுத்துப் போட்டு ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு ஓட்டுகிறவன் பயந்தாங்கொள்ளி. சீட்டைச் சாய்த்துப் போட்டுக்கொண்டு ஓட்டுகிறவனுக்கு வீட்டில் தூக்கம் போதவில்லை. வெள்ளைக் கார் வாங்கியவன் அடுத்தவன் பேச்சைக் கேட்டு வாங்கியவன். கறுப்புக் கார் வாங்கியவன், கழுவப்போவது தானில்லை என்று தெரிந்து வாங்கியவன். சும்மா சும்மா ஹாரன் அடிக்கிறவன் தன் பிரேக்கை நம்பாதவன். கடைசியாக, விரலை நீட்டிக்கொண்டு அவர் சொல்வது இது: வலது பக்கம் அடி விழுந்தால் யார் தப்பு என்று விசாரிக்கலாம், இடது பக்கம் கீறல் விழுந்தால் விசாரணையே வேண்டாம், ஓட்டினவன் தப்பு. தன் வண்டிக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று தெரியாதவனுக்கு எந்த மகராசன் லைசென்ஸ் கொடுத்தான் என்பார்.

இந்த அபிப்பிராயங்களில் பாதிக்கு உதாரணம் மனைவியின் தம்பி. மச்சான் வெள்ளைக் கார் வைத்திருந்தான். கிளட்ச் மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டுவான். "கிளட்ச் என்ன, கால் வைக்கிற பலகையா?" என்று சர்வேயர் முகத்துக்கு நேராகவே கேட்பார். அவன் சிரித்துக்கொண்டே டீயைக் குடிப்பான். அந்தச் சிரிப்பையும் அவர் நம்பியதில்லை.

அப்படிப்பட்டவருடைய காரில், அதுவும் இடது பின்கதவில், ஒரு சனிக்கிழமை காலை கீறல் விழுந்திருந்தது.

சனிக்கிழமைதோறும் அவரே கார் கழுவுவார். அன்றைக்குக் கழுவுவதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெளியூரிலிருந்து மகள் விமானத்தில் வருகிறாள், நான்கு மாதக் குழந்தையோடு. பேத்தியை அவர் இன்னும் நேரில் பார்க்கவில்லை. விமான நிலையத்திலிருந்து அவளைத் தன் காரில் தானே ஓட்டிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் இறக்க வேண்டும். அந்த வருடம் அவருக்கு வேறு ஆசையே இருக்கவில்லை. குழந்தை சீட் ஒன்று வாங்கிப் பின்னால் இடது பக்கம் மாட்டி, அதில் ஐந்து கிலோ சர்க்கரைப் பையை வைத்து பெல்ட் போட்டு, நாலு தெரு சுற்றிச் சடன் பிரேக் அடித்தும் பார்த்துவிட்டார். பை அசையவில்லை. பேத்தியும் அசைய மாட்டாள் என்று அவருக்குத் திருப்தி.

இப்போது பார்த்தால், அந்த சீட்டுக்கு வெளியே, கதவின் மேல் ஒரு முழ நீளத்துக்குக் கீறல்.

பையைக் கொண்டுவந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். கீறல் முன்னாலிருந்து பின்னால் போகிறது. பெயின்ட் துகள் பின்பக்கம் ஒதுங்கியிருக்கிறது. அப்படியென்றால் இடித்தது நின்றிருக்கிறது, நகர்ந்தது தம்முடைய கார். கோடு நேராக இருக்கிறது, ஆகவே இடித்தது ஒரு கம்பமோ தூணோ. நகக்கண்ணில் மஞ்சள் பெயின்ட் தூள் ஒட்டியது. மஞ்சள் தூண் எந்த ஊரில்தான் இல்லை? ஷாப்பிங் மாலில், பெட்ரோல் பங்கில், மச்சானின் ஆபீஸ் பார்க்கிங்கில், ஏன், இவருடைய அடுக்குமாடியின் கீழ்த்தளத்திலும்தான் இருக்கிறது. ஆனால் தாம் எதிலும் இடிக்கவில்லை என்பது அவருக்கு நிச்சயமாகத் தெரியும். மிச்சம் இருந்தது ஒரே முடிவு. தமக்குத் தெரியாமல் யாரோ தம் காரை எடுத்து ஓட்டியிருக்கிறார்கள்.

நேராக மாடிக்குப் போய் அலமாரி டிராயரைத் திறந்தார். மாற்றுச் சாவி இல்லை.

"இங்க இருந்த சாவி எங்க?" என்றார்.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "எந்தச் சாவி?" என்றாள்.

முப்பது வருட அனுபவத்தில் அவர் கண்ட ஒன்று: பதில் தெரியாதவர்கள் தெரியாது என்பார்கள், தெரிந்தவர்கள்தான் கேள்வியைத் திருப்பிக் கேட்பார்கள். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. ஆனால் அந்த நிமிஷத்திலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எல்லாரையும் பார்க்க ஆரம்பித்தார்.

பார்க்கப் பார்க்க எல்லாமே கோணலாகத் தெரிந்தது. ஆறு மாதமாக மனைவி காரில் முன்சீட்டில் உட்காருவதில்லை. கேட்டால் ஏசி காற்று மூஞ்சியில் அடிக்கிறது என்பாள். பின்னால் ஏறி, அவருக்கு நேர் பின்னால், கண்ணாடியில் அவர் பார்க்க முடியாத இடத்தில் உட்கார்ந்துகொள்வாள். ஏசியை அணைத்தால் போதாதா? அவர் அணைத்தும் பார்த்தார். அப்போதும் அவள் பின்னால்தான் ஏறினாள்.

மகளுடைய பேச்சும் சரியில்லை. "அப்பா, நீங்க எதுக்கு அவ்வளவு தூரம் அலையணும், நாங்க டாக்ஸி பிடிச்சு வந்துடறோம்" என்றாள். பெற்ற மகளைக் கூட்டி வருவது அலைச்சலா? அன்று சாயங்காலம் சமையலறைக் கதவுக்கு இந்தப் பக்கம் அவர் செருப்பில்லாமல் நின்றார். உள்ளே மனைவி போனில் தணிந்த குரலில், "அவர்கிட்ட நீ எதுவும் சொல்லிடாத, மாமா வந்துடுவான், சாவிய அவன்கிட்ட குடுத்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

மாமா என்றால் மகளுக்குத் தாய்மாமன். ஆக, சாவி மச்சானிடம். சர்வேயருக்கு அப்போதே மூக்கு வியர்த்துவிட்டது. அவன் எடுத்து ஓட்டியிருக்கிறான், எங்கேயோ கொண்டுபோய்த் தேய்த்திருக்கிறான், அக்காளும் தம்பியும் சேர்ந்து மூடி மறைக்கிறார்கள். ஒருவேளை ஆளுக்குக் காட்டி விற்கவே பேச்சு நடக்கிறதோ என்னவோ. காரைப் பழசு என்று அவள் இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள். அவர் மனசு அன்று நிஜமாகவே வலித்தது. கேட்டால் ஒப்புக்கொள்ளவா போகிறார்கள்? கையும் களவுமாகத்தான் பிடிக்க வேண்டும் என்று முடிவு செய்தார்.

அன்றிலிருந்து தினமும் ஆபீஸ் விட்டு வந்து காரை நிறுத்தியதும் ஒரு காரியம் செய்தார். நான்கு டயரிலும் சாக்பீஸால் ஒரு கோடு, அதற்கு நேர் கீழே தரையில் ஒரு கோடு. கார் ஒரு சாண் நகர்ந்தாலும் இரண்டு கோடும் பிரிந்துவிடும். பிறகு, ஓடிய கிலோமீட்டரைப் பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொள்வார். மனைவி சாதம் பரிமாறும்போது அந்தக் கையைப் பார்த்தாள். "என்ன நம்பர் இது?" என்றாள். "ஆபீஸ் விஷயம்" என்றார். பொய் அவருக்கு எளிதாகத்தான் வந்தது.

செவ்வாய்க்கிழமை மெக்கானிக்கிடம் போனார். கார் வாங்கிய நாளிலிருந்து அவனிடம்தான் விடுகிறார், ஆனாலும் நம்பிக்கை என்று சொல்ல முடியாது. இடது பின்சக்கரத்தில் ஆறு மாதமாக அவ்வப்போது ஒரு சத்தம் வருகிறது. சர்ரென்று ஒரு உரசல், இரண்டு நொடிதான், உடனே நின்றுவிடும். கேட்ட அன்றைக்கே இது பேரிங் என்று சர்வேயர் கண்டுபிடித்துவிட்டார். மெக்கானிக் பேரிங் மாற்றினான். சத்தம் போகவில்லை. மட்டமான பேரிங்கைப் போட்டுவிட்டான் என்று சண்டை பிடித்து இரண்டாம் தடவையும் மாற்ற வைத்தார். அப்போதும் போகவில்லை.

"போன மாசமே மூணு தடவை ரோட்டுல ஓட்டிப் பாத்துட்டேன் சார். சத்தமே இல்ல" என்றான் மெக்கானிக்.

"உன்கிட்ட வந்தா சத்தம் வராது. என்கிட்ட மட்டும் வருமா?"

"எந்த இடத்துல சார் வருது?"

"வீட்ல இருந்து கிளம்பி வெளிய வரும்போது. லெஃப்ட் எடுக்கும்போது மட்டும்."

மெக்கானிக் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு காரைச் சுற்றி இடது பக்கம் போனான். குனிந்து கீறலைப் பார்த்தான். பின்டயரின் பக்கவாட்டைக் கட்டைவிரலால் தடவினான். அங்கே ரப்பர் தேய்ந்து வழவழவென்று இருந்தது. பிறகு நிமிர்ந்து சர்வேயரைப் பார்த்தான்.

"அது ஒண்ணும் இல்லப்பா. நிறுத்திட்டுத்தான் போனேன், வந்து பாத்தா..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். அந்த வாக்கியத்தை அவர் எத்தனை ஆயிரம் வாயிலிருந்து கேட்டிருக்கிறார். தம் வாயிலிருந்து கேட்டது இதுதான் முதல் தடவை.

"பாத்துப் போங்க சார்" என்றான் மெக்கானிக்.

அதென்ன பேச்சு? முப்பத்துநாலு வருடமாக ஓட்டுகிறவனிடம் சொல்லுகிற வார்த்தையா அது? ரோட்டில் போகும்போதெல்லாம் அதையே நினைத்துக் கரித்துக் கொட்டிக்கொண்டு வந்தார். நடுவில் இடது பக்கத்திலிருந்து ஒரு ஸ்கூட்டர்க்காரன் திடீரென்று முளைத்துத் திட்டிவிட்டுப் போனான். இப்போதெல்லாம் எல்லாரும் இப்படித்தான், எங்கிருந்து வருகிறார்கள் என்றே தெரிவதில்லை. மெக்கானிக்கும் மச்சானோடு கூட்டோ என்று கூட அவருக்குத் தோன்றியது. ஒரு தடவை அவர்கள் இருவரும் சேர்ந்து டீ குடித்ததை அவர் பார்த்திருக்கிறார்.

புதன், வியாழன், வெள்ளி. ஒவ்வொரு நாளும் காலையில் முதல் வேலையாகக் கீழே வந்து பார்ப்பார். சாக்பீஸ் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டியபடியே இருக்கும். உள்ளங்கை எண்ணும் காரின் எண்ணும் சரியாக இருக்கும். திருடன் உஷாராகிவிட்டான் என்று நினைத்தார். வெள்ளிக்கிழமை காலை கிளம்பும்போது சத்தம் வழக்கத்தைவிடப் பலமாகவே வந்தது. பேரிங்கைத் திட்டிக்கொண்டே ஆபீஸ் போனார். அன்று இரவாகித் திரும்பியவர், அரை இருட்டில் டயர்களை மட்டும் பார்த்துக் கோடு போட்டுவிட்டு மாடிக்குப் போனார்.

சனிக்கிழமை. விடிந்தால் மகள் வரும் நாள். வாளியும் துணியுமாகக் கீழே வந்தவர் இடது பின்கதவைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். பழைய கீறலுக்குக் கீழே புதிதாக இன்னொன்று இருந்தது. இது ஆழமானது, தகரம் ஒடுங்கியிருந்தது. பிசிறில் மஞ்சள் தூள் இன்னும் உதிரவில்லை.

குனிந்து டயரைப் பார்த்தார். கோடுகள் சேர்ந்திருந்தன. உள்ளங்கையைப் பார்த்தார், எண் சரியாக இருந்தது. போன சனிக்கிழமை கழுவியதிலிருந்து இந்தக் காரை ஒரே ஒரு ஆள்தான் ஓட்டியிருக்கிறான். அவ்வளவு கெட்டியாக அவரே சாட்சி தயாரித்து வைத்திருந்தார்.

வேறு யாருடைய காராக இருந்தாலும் அடுத்து என்ன செய்வாரோ அதையே செய்தார். டேப்பை எடுத்துத் தரையிலிருந்து கீறலின் உயரத்தை அளந்தார். ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர். டேப்பை அப்படியே விரலால் பிடித்துக்கொண்டு வெளியே போகும் வழியை நோக்கி நடந்தார். அங்கே, தெருவுக்கு இடது பக்கம் திரும்பும் இடத்தில், இடுப்பு உயரத்துக்கு மஞ்சள் பூசிய தூண் ஒன்று பன்னிரண்டு வருடமாக நின்றுகொண்டிருக்கிறது. அதன் உள்பக்கம் குனிந்து டேப்பை வைத்தார். ஐம்பத்திரண்டில் ஒரு வெள்ளி நிறக் கோடு. அதற்குச் சற்று மேலே இன்னொன்று. பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை. தூணின் அடியில் இருந்த சிமென்ட் விளிம்பு முழுக்க டயர் தேய்த்த கறுப்பு.

அந்தக் கட்டிடத்தில் வேறு வெள்ளி நிறக் கார் கிடையாது. மற்றவர்கள் எல்லாரும் அடுத்தவன் பேச்சைக் கேட்டு வெள்ளை வாங்கியவர்கள்.

அவர் தூணில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். தினமும் இதைக் கடந்துதானே போகிறோம் என்று நினைத்துப் பார்த்தார். போன வருடம் இதை ஒட்டித் திரும்பியது நினைவிருக்கிறது. அதற்கு முந்தின வருடமும் நினைவிருக்கிறது. இந்த வருடம் இந்தத் தூணைப் பார்த்ததாக ஒரு காலைகூட நினைவில் வரவில்லை. அவருக்குப் பயம் வந்தது. விபத்தில் நசுங்கிய எத்தனையோ கார்களுக்குள் தலையை விட்டுப் பார்த்தவர், அப்போதெல்லாம் வராத பயம்.

"சாப்பிட வரலையா?" என்று கேட்டுக்கொண்டே மனைவி படியிறங்கி வந்தாள். கையில் டேப்போடு தூணுக்குப் பக்கத்தில் நின்றவரைப் பார்த்ததும் மேற்கொண்டு நடக்காமல் நின்றுவிட்டாள்.

"இங்க வா. ஒரு சின்ன வேலை" என்றார் அவர். குரல் ஆபீஸ் குரலாக இருந்தது. "நான் வண்டில உக்காந்து நேரா அந்தச் சுவரப் பாத்துக்கிட்டு இருப்பேன். நீ பின்னாடி டிக்கில இருந்து லெஃப்ட் சைடா முன்னாடி நடந்து வா. மெதுவா வா. நீ எப்ப என் கண்ணுல படறியோ அப்ப நான் சொல்றேன்."

"எதுக்குங்க இதெல்லாம்? சாப்பாடு ஆறுது."

"வாயேன்."

கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். கண்ணாடிகள் ஏற்றியிருந்தன. இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்து, எதிர்ச்சுவரில் இருந்த ஒரு ஆணியையே பார்த்தார். தலையைத் திருப்பக் கூடாது, அதில் அவர் நேர்மையாக இருந்தார். டிக்கியிலிருந்து பின்கதவு மூன்று எட்டு. பின்கதவிலிருந்து முன்கதவு இரண்டு. இப்போது தெரிய வேண்டும். தெரியவில்லை. மெதுவாக வா என்றதற்காக இவ்வளவு மெதுவாகவா நடப்பது? இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். அவள் புறப்படவே இல்லை என்று தோன்றியது. ஒரு வேலை சொன்னால் உருப்படியாகச் செய்யத் தெரியாது என்று எரிச்சலோடு கழுத்தை இடது பக்கம் திருப்பினார்.

அவள் முன்விளக்கையும் தாண்டி நின்றுகொண்டிருந்தாள். வலது கையை உயர்த்தி ஆட்டிக்கொண்டிருந்தாள்.

அவர் கண்ணாடியை இறக்கினார். "எப்ப வந்த?"

"அப்பவே வந்துட்டேன்" என்றாள் அவள். "கை வலிக்கற அளவுக்கு ஆட்டிக்கிட்டு நிக்கறேன்."

பிறகு அவள் இடது முன்கதவைத் திறந்து, ஆறு மாதமாக உட்காராத அந்த சீட்டில் வந்து உட்கார்ந்தாள்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"முன்னாடி உக்காந்தா லெஃப்ட்ல வர்ற வண்டியெல்லாம் மேல வந்து மோதற மாதிரி இருக்கும். நான் பதறினா நீங்க திட்டுவீங்க. பின்னாடி உக்காந்தா கண்ண மூடிக்கலாம்."

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன். மொத நாளே, தூண் இடிக்குதுங்கன்னு சொன்னேன். நீங்க பேரிங்னு சொல்லி அரை மணி நேரம் விளக்கினீங்க."

அவருக்கு அது நினைவிருந்தது. நன்றாக விளக்கினோம் என்று அன்றைக்குப் பெருமைப்பட்டதும் நினைவிருந்தது. "அதுக்காக சாவிய எடுத்து அவன்கிட்ட குடுப்பியா?" என்றார். கோபமாகக் கேட்கத்தான் நினைத்தார். குரல் ஒத்துழைக்கவில்லை.

"நாளைக்கு நீங்க எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி அவனை எடுத்துட்டுப் போகச் சொல்லியிருந்தேன். நீங்க சண்டை போடுவீங்க, போட்டா போடட்டும்னு இருந்தேன்." அவள் பின்னால் திரும்பி, இடது பக்கம் மாட்டியிருந்த குழந்தை சீட்டைப் பார்த்தாள். "திங்கக்கிழமை கண் டாக்டர்கிட்ட டோக்கன் போட்டிருக்கேன். உங்க பேர்லதான்."

ஒரு திருடன் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று அவர் நினைத்தார். பிடித்து, நாலு வார்த்தை கேட்டு, மன்னித்தும் விட்டிருக்கலாம். தம்முடைய வழக்கமான கேள்வியை அவள் கேட்பாள் என்று காத்திருந்தார். அவள் கேட்கவில்லை. சாவியை எடுத்து அவள் மடியில் போட்டார்.

"உன் தம்பிகிட்ட ஒண்ணு மட்டும் சொல்லிடு. கிளட்ச் மேல கால வச்சுக்கிட்டே ஓட்டக் கூடாது."

"நீங்களே சொல்லுங்க. கூடத்தானே வர்றீங்க?" என்றாள் மனைவி.

ஞாயிற்றுக்கிழமை காலை மச்சான் வந்து ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்து, அதை ஸ்டியரிங்குக்குப் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டான். பயந்தாங்கொள்ளி என்ற வார்த்தையைச் சர்வேயர் விழுங்கிக்கொண்டார். மனைவி முன்னால் ஏறினாள். அவர் பின்னால், ஓட்டுகிறவனுக்கு நேர் பின்னால், குழந்தை சீட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதன் பெல்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டார். கார் நகர்ந்தது. தூண் நெருங்கும் நேரம் அவருக்கு மனப்பாடம். கண்ணை இறுக மூடிக்கொண்டு காதைத் தீட்டிவைத்துக் காத்திருந்தார். கார் இடது பக்கம் திரும்பித் தெருவுக்கு வந்து, மூன்றாவது கியருக்கும் போய்விட்டது. பேரிங் சத்தம் வரவே இல்லை.